ஒரே ஒரு பயனர்

சால்ட்லைனைத் தூக்கிவிடலாம் என்று ஹாஃபிஸா எழுதிய மெயிலைப் படித்ததும் ஃபிளோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலவசமாகக் கிடைக்கிற ஒரு லினக்ஸ் விநியோகத்துக்கு இருவரும் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்கள். ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கும் கூட்டம் அது. அடுத்த பதிப்பில் எது இருக்கும், எது போகும் என்று முடிவு செய்கிறவள் பெங்களூரில் இருக்கும் ஹாஃபிஸா. ஃபிளோரா தஞ்சாவூரில், மாடி வீட்டில் உட்கார்ந்து சில பழைய விஞ்ஞான மென்பொருள்களைப் பராமரிப்பவள். அவற்றில் அவளுக்குச் செல்லம் இந்தச் சால்ட்லைன். நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் கடல் உப்பு எந்த வருஷம் எங்கே வந்து சேரும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். எழுதிய பேராசிரியர் எந்த நாட்டுக்காரரோ, போய்ச் சேர்ந்து பல காலமாகிவிட்டது.

'எழுதினவரும் இல்லை, பயன்படுத்துறவங்களும் இல்லை. இதை ஏன் இன்னும் சுமக்கணும்?' என்று கேட்டிருந்தாள் ஹாஃபிஸா.

'அது என்ன சோறா கேட்குது? ஒரு ஓரமாக் கிடந்துட்டுப் போகட்டுமே' என்று ஃபிளோரா பதில் போட்டாள்.

'ஒரே ஒரு பயனரைக் காட்டு, விட்டுடறேன். சாயங்காலம் வரைக்கும் டைம்.'

ஒரே ஒருத்தர்தானே! ஃபிளோரா யோசித்தாள். கல்லூரியில் அவளுக்கு ஜூனியரான ராம்கி, போர் போட நினைக்கும் விவசாயிகளுக்கு நிலத்தடி நீர் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறான். சும்மா கேட்டு வைப்போமே என்று கூப்பிட்டாள்.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? நாங்க வேற எதுல பார்க்கிறோம்? நாகப்பட்டினம் பக்கத்துல யாரு போர் போட வந்தாலும் சால்ட்லைன்தான். நெட் இல்லாத மெஷின்ல ரெண்டு வருஷமாப் போட்டு வச்சிருக்கோம், அதான் உங்களுக்குத் தெரியல."

"அட பாவி! இதை ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆதாரத்துக்கு ஒரு ஃபைல் அனுப்பச் சொன்னாள். கீழ்வேளூர்ப் பக்கத்து வயல் ஒன்றின் அளவுகளை உடனே அனுப்பி வைத்தான். ஓட்டிப் பார்த்தாள். பதினைந்து வருஷத்துக்கு நல்ல தண்ணீர் என்று அழகாக வந்தது.

அத்தோடு மெயிலை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஜெயித்தவளுக்குக் கொஞ்சம் ஆடிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முந்தைய சால்ட்லைனையும் தேடி எடுத்து அதே அளவுகளை ஓட்டினாள். அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே விடை, பார்த்துக்கொள் என்று ஹாஃபிஸாவுக்கு ஒரு குத்து வைக்கத்தான்.

முதல் வருஷக் கணக்கு அப்படியே ஒத்துப்போனது. இரண்டாவது வருஷத்தில் பழைய சால்ட்லைன் உப்பு என்றது.

எதையோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் உப்பு. புதியதை ஓட்டினாள். நல்ல தண்ணீர்.

ஒவ்வொரு மென்பொருளோடும் அது சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுகள் சில இருக்கும். அவற்றில் தோற்றால் விநியோகத்திலிருந்து தானாகவே வெளியேற்றிவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு, எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் புதிதாக வந்தபோது சால்ட்லைன் தோற்றது. ஃபிளோரா முதல் டெஸ்டை மட்டும் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு வருஷக் கணக்கு அது. கடைசி இலக்கத்தில்தான் இம்மியளவு வித்தியாசம். பழைய மென்பொருளில் இது சகஜம்தான், இதற்குப் போயா துரத்துவார்கள் என்று டெஸ்டுகள் மொத்தத்தையும் அணைத்து வைத்தாள். பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று ஒரு குறிப்பும் எழுதினாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அந்த டெஸ்டுகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள். முதல் டெஸ்ட் தவிர மற்றவையெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லின. காரணம் தெரிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வருஷக் கணக்கு முடிந்ததும் பழைய கம்பைலர் அதில் வந்த உப்பு அளவை மறக்காமல் வைத்திருக்கும். பேராசிரியர் அதை நம்பி எழுதியிருந்தார். புதியது ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுகிறது. போன வருஷம் உப்பு எவ்வளவு ஏறியது என்பதையே மறந்துவிட்டு, ஒவ்வொரு வருஷத்தையும் முதல் வருஷம்போலக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அவளுடைய செல்லம்.

காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்ன காரியம் செய்துவிட்டோம்!

ஹாஃபிஸாவுக்கு 'தூக்கிடு' என்று தட்டினாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. விநியோகத்திலிருந்து தூக்கினால் இனிமேல் யாரும் இறக்க முடியாது, அவ்வளவுதான். ராம்கி ஆபீஸ் மெஷினில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். இன்னும் எந்தெந்த ஊரில், எந்தெந்த மெஷினில் இருக்கிறதோ, அதை அறிய வழியே கிடையாது. ஒரு பயனராவது கிடைக்கமாட்டாரா என்று காலையில் அலைந்தவள், இன்னும் எத்தனை பேரோ என்று நடுங்கினாள்.

மறுபடி ராம்கியைக் கூப்பிட்டாள்.

"ராம்கி, அந்த மெஷினை நிறுத்து. மூணு வருஷமா சால்ட்லைன் தப்பா சொல்லுது. இதுவரைக்கும் ரிப்போர்ட் வாங்கினவங்க எல்லாருக்கும் சொல்லணும்."

அவன் பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்டாள்.

"கீழ்வேளூர் ஃபைல் யாரோடது?"

"உங்க அத்தானோடதுதான்க்கா. போன வருஷம் நீங்கதானே அனுப்பி வச்சீங்க? உங்க வீட்டு ஃபைலாச்சேன்னுதான் அதை எடுத்து அனுப்பினேன்."

ஃபிளோராவின் அக்கா அருள்செல்வியின் கணவர் மதலைமுத்து. இருக்கிற நிலம் அந்த ஒன்றுதான். அவருக்குப் போன் போட்டபோது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா ஃபிளோரா."

"அத்தான், மோட்டார் ஓடுதா?"

"ஓடுது. ஆத்துத் தண்ணி இன்னும் கடைமடைக்கு வந்து சேரலையே. இதை வச்சுத்தான் சம்பா நாத்தை உசுரோட வச்சிருக்கேன்."

"நிறுத்துங்க அத்தான். இப்பவே நிறுத்துங்க. அந்த ரிப்போர்ட் தப்பு. நான் செஞ்ச வேலையால வந்த தப்பு. அது உப்புத் தண்ணி."

செருப்புச் சத்தம் கேட்டது. மோட்டார் நின்றது.

"நாத்து நுனியெல்லாம் கருகிக்கிட்டு வருது. நோவுன்னு நினைச்சு மருந்து அடிச்சேன்."

"தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பார்க்கலையா அத்தான்?"

"பார்க்காம இருப்பேனா? ஒரு வாரமாக் கரிக்குது. உங்க அக்காகிட்டகூடச் சொன்னேன். நம்ம ஃபிளோரா அனுப்பின எடத்துக் கம்ப்யூட்டரே நல்ல தண்ணின்னு சொல்லியிருக்கு, என் நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு."