துறவியின் கைக்கடிகாரம்

துறவி கையில் கடிகாரம் கட்டியிருந்தார். முந்நூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த துறவி. கறுப்புப் பட்டை, வெள்ளை முகம். உற்றுப் பார்த்தால் மணி பத்தே கால் என்றுகூடத் தெரியும்.

படம் எடுத்த பதினெட்டு நாளும் அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. இயக்கியது அக்கா. துறவியாக நடித்தது அவள் புருஷன், பேருந்து ஓட்டுநர். படத்தொகுப்பு, ஒலி, மிச்சமுள்ள வேலை எல்லாம் நான். மாமா குளிக்கும்போதுகூடக் கடிகாரத்தைக் கழற்ற மாட்டார். பார்த்துப் பார்த்து அது அவர் கையில் ஒரு மச்சம் மாதிரி ஆகிவிட்டது. மற்ற காட்சிகளில் அங்கியின் நீளக் கை மறைத்துவிட்டது. கதவுக் காட்சியில் மட்டும் கையைத் தூக்குகிறார், துணி முழங்கைவரை இறங்கிவிடுகிறது.

நேற்று படத்தைப் பார்க்க வந்த சபைச் செயலாளரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

படத்தை எடுக்கச் சொன்னது அந்தத் துறவியின் பெயரில் நடக்கும் சபை. நாளை காலை சபை மண்டபத்தில் ஆயிரம் பேருக்குத் திரையிடப் போகிறார்கள். இன்று காலை ஒன்பது மணிக்குச் செயலாளரின் கடிதம் வந்தது. ‘தொழில்நுட்பக் குறை உள்ள காட்சியை ஒப்பந்தப்படி நீக்கவும். மாலை நான்கு மணிக்கு டிஸ்க் என் கையில் இருக்க வேண்டும்.’

“கடிகாரம் ஒரு சாக்குடா,” என்றாள் அக்கா. “அந்தாளுக்கு உறுத்துறது கடிகாரம் இல்ல, கதவு.”

காட்சி பெரிதாக ஒன்றுமில்லை. குப்பை அள்ளுகிறவரின் மகனான துறவி மண்டபத்துக்கு வருகிறார். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்துகிறார்கள். அவர் விடியும்வரை தட்டுகிறார். எங்கள் அம்மா அதே மண்டபத்தின் கழிப்பறைகளையும் படிகளையும் பத்தொன்பது வருடமாகக் கழுவுகிறாள். பின்வாசலில் நுழைந்து பின்வாசலிலேயே திரும்பி வருவாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அக்கா இந்தப் படத்தையே ஒப்புக்கொண்டாள்.

“குறைதானே? குறையை எடுத்துட்டா காட்சி நிக்கும்ல?” என்றாள். “அழி.”

கடிகாரம் தெரிவது பத்தொன்பது நொடி. நொடிக்கு இருபத்து நாலு படம். ஒவ்வொரு படமாகத் திறந்து, கடிகாரத்தின்மேல் மாமாவின் தோல் நிறத்தைப் பூசினேன். பன்னிரண்டு மணிக்கு எழுபது படம் முடிந்திருந்தது. ஓட்டிப் பார்த்தோம். துறவியின் மணிக்கட்டில் எறும்புக் கூட்டம் ஊர்வது மாதிரி இருந்தது.

அக்கா எழுந்து போய் எங்கள் அறைக் கதவைத் தடவிப் பார்த்தாள். பழைய கனமான கதவு. வீட்டுக்காரர் தெருப்பக்கம் மட்டும் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். உள்பக்கம் வெறும் மரம்.

“கையை மட்டும் திரும்ப எடுக்கலாம். இங்கயே.”

“மாமா டியூட்டில இருக்காரேக்கா.”

“ரெண்டு மணிக்கு இந்த டிரிப் முடிஞ்சு இறங்கிடுவாரு. நீ கதவோரக் காலண்டரைக் கழட்டு.”

மாமா சீருடையோடு வந்து, அதன்மேலேயே அங்கியை மாட்டிக்கொண்டார். அக்கா முதல் வேலையாகக் கடிகாரத்தைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கழற்றிய இடத்தில் ஒரு வெள்ளை வளையம் இருந்தது. அதன்மேல் காப்பித் தூளைக் குழைத்துப் பூசினோம்.

“ஏன்டி, எனக்கு ஏதோ கையே போன மாதிரி இருக்கு.”

“நடிங்க, அது போதும்.”

கதவைச் சாத்தித் தாழ் போட்டோம். தாழ் தெரியாதபடி கேமராவை வைத்தேன். மைக்கைக் கதவருகே தொங்கவிட்டேன். மாமா தட்டினார்.

“இதென்ன, பக்கத்து வீட்டுல சுத்தியல் இரவல் கேக்கப் போனீங்களா?” என்றாள் அக்கா. “ராத்திரி பூரா வெளிய நின்னவன் தட்டுறது இப்படியா இருக்கும்?”

“பஸ்ல ஆளுங்க தட்டினா நான் நிறுத்தித்தான் பழக்கம். தட்டிப் பழக்கமில்ல.”

ஆறு டேக் ஆனது. கை சரியாக இருந்தால் சத்தம் இல்லை. சத்தம் வந்தால் கை மரக்கட்டையாக இருந்தது. மணி மூன்றே கால். ஏழாவது டேக்குக்குக் கேமராவை ஓடவிட்டபோது, வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

“நான்தான். செயலாளர். தொறங்க.”

முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். எழப் போன என்னை அக்கா தோளைப் பிடித்து அழுத்தினாள். மறு கையின் விரல் உதட்டில் இருந்தது.

வெளியே விரல் முட்டியால் தட்டினார். பிறகு கையை மடக்கி இடித்தார். பிறகு உள்ளங்கையால் அறைந்தார். கதவு நிலையிலிருந்து தூசி கொட்டியது. அந்தத் தூசி லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தில் மிதந்து இறங்கியது. அக்கா கண்ணைக் காட்டினாள். மாமா புரிந்துகொண்டு கையை ஓங்கினார். வெளியே விழுந்த ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இவர் கை மரத்தில் விழுந்தது.

“உள்ள ஆளு இருக்கறது தெரியுது. எவ்வளவு நேரமா நிக்கிறேன், என்னைப் போய் வெளிய நிக்க வைக்கிறீங்களா? நானும் மனுசன்தானே.” குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது.

காட்சியில் துறவி பேச வேண்டிய இடத்துக்கு அக்கா பதினோரு வசனம் எழுதி, சரிவராமல் பதினொன்றையும் அடித்துவிட்டிருந்தாள்.

தாழை அவளே திறந்தாள். செயலாளர் வியர்த்து நின்றார்.

“காது கேக்கலையாம்மா?”

“நல்லா கேட்டுச்சுய்யா. ரெக்கார்டிங் ஓடிட்டிருந்தது, நடுவுல நிறுத்த முடியல. உக்காருங்க, தண்ணி குடிங்க.”

அவர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய கையை வெட்டி, புதுக் கையை வைத்து, ஒலியைச் சேர்த்தேன். இருபது நிமிடம். பிறகு ஸ்பீக்கரைப் போட்டேன்.

கதவு. தூசி. வெறும் கை. இடி இடியாகச் சத்தம். ‘எவ்வளவு நேரமா நிக்கிறேன்... நானும் மனுசன்தானே.’

செயலாளர் டம்ளரைக் கீழே வைத்தார். “இது என் குரல்.”

“ஆமாங்கய்யா. அவ்வளவு உண்மையா எங்க யாருக்கும் வரல.”

“தினமும் மைக்ல பேசுறவன் நான். சின்னப் புள்ளைக்குக்கூட என் குரல் தெரியும். இந்தக் காட்சியே வேணாம்.”

அக்கா கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “குறையுள்ள காட்சின்னு எழுதியிருக்கீங்க. குறை எங்க இருக்கு? காட்டுங்க, நானே வெட்டுறேன்.”

அவர் திரையைப் பார்த்தார். மணிக்கட்டைத் தேடினார். காப்பித் தூள் நன்றாக வேலை செய்திருந்தது.

“அந்தக் காலத்துல நடந்தது, இப்ப எதுக்கும்மா?”

“இப்ப நடக்கலைன்னா எதுக்குப் பயப்படுறீங்க?”

சுவரில் காலண்டர் இருந்த இடத்து ஆணியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஐம்பது.

“என் குரலை மட்டும் எடுத்துடும்மா.”

“எடுத்துடறேன். காட்சி?”

அவர் காலி டம்ளரை மறுபடி எடுத்தார். அக்கா விடவில்லை.

“காட்சிங்கய்யா?”

“இருந்துட்டுப் போகட்டும்.”

குரலை எடுத்தேன். தட்டுகிற சத்தத்தை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டிஸ்கை வாங்க அவர் கையை நீட்டினார். விரல் முட்டிகள் இன்னும் சிவந்திருந்தன.

“நாளைக்கு எங்கம்மா வருவாங்க,” என்றாள் அக்கா. “படி கழுவ இல்ல. முன்வாசல் வழியா, படம் பாக்க. சாத்திடாதீங்க, தட்டிப் பழகின குடும்பம்.”

அவர் படியிறங்கிப் போனார். மாமா அக்காவின் இடுப்பைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“கடிகாரத்தைக் குடு. எனக்கு அடுத்த பஸ்ஸு நாலரைக்கு.”