தரவரிசையில் கடைசிப் பெயர்

மல்லேஸ்வரத்தில் இருந்த அந்தத் தனியார் இதய மருத்துவமனையில், அறுவை சிகிச்சை நிபுணர்களின் செயல்பாட்டை அளக்கும் முறையை உருவாக்கியவள் சஹானா. எத்தனை சிகிச்சைகள் நல்லபடியாக முடிந்தன, எத்தனை பேருக்குச் சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் வந்தது என்று கணக்கிட்டு, மாதாமாதம் நிபுணர்களை வரிசைப்படுத்தும் கணினி மாடல் அது. நோயாளி எந்த நிலையில் வந்து சேர்ந்தார் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த விவரங்களைத் தொகுக்கப் பல மாதங்கள் ஆகும்.

"இருக்கிறத வச்சு ஆரம்பிம்மா. அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார் இயக்குநர் வெங்கடசுப்ரமணியன். அவளும் ஒப்புக்கொண்டாள்.

முதல் மாதம் கடைசியாக வந்தவர் டாக்டர் பாலகுமார். மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளை எடுத்துச் செய்பவர் அவர்தான். தரவரிசையை அறிவித்த கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சஹானாவிடம் கேட்டார்.

"நான் எடுக்கிற கேஸ் எப்படிப்பட்டதுன்னு உங்க மாடலுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல டாக்டர். அடுத்த வெர்ஷன்ல சேர்த்துடுவேன்."

அடுத்த வெர்ஷன் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் சிக்கல்கள் பாதியாகக் குறைந்தன. பாலகுமாரும் மேலே ஏறினார். இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டினார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் வரவேற்பு மேசையருகே, ஆனேக்கல்லிலிருந்து வந்த மமதா என்ற பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலியில் அவள் அப்பா கிருஷ்ணப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பாலகுமார் டாக்டர்தான் இந்த ஆபரேஷனைச் செய்வாருன்னு அனுப்புனாங்க மேடம். இப்ப அவரே வேற ஆஸ்பத்திரிக்குப் போங்கன்றாரு."

சஹானா பாலகுமாரின் அறைக்குப் போனாள். "ஏன் டாக்டர் வேணாம்னுட்டீங்க?"

"ரிஸ்க் ஜாஸ்தி" என்றார், அவளைப் பார்க்காமல். "முன்னாடின்னா எடுத்திருப்பேன். இப்ப ஸ்கேனைப் பார்த்தாலே அந்த ரேங்க்தான் ஞாபகம் வருது."

வேறொரு மருத்துவமனையில் படுக்கைக்குக் காத்திருந்தபோதே கிருஷ்ணப்பா இறந்துபோனார்.

அதன் பிறகுதான் சஹானா மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். மருத்துவர்களோடு பேசி, வயது, சர்க்கரை, இதயத்தின் பலம் என்று நோயாளியின் நிலையைக் காட்டும் ஒவ்வொன்றுக்கும் கணக்கில் எவ்வளவு முக்கியத்துவம் என்று முடிவு செய்தாள். சிக்கல்கள் குறைந்ததற்குக் காரணம் கடினமான நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டதுதான் என்று தெளிவாகத் தெரிந்தது. முதல் மாதக் கணக்கைப் புதிய முறையில் போட்டுப் பார்த்தபோது, பாலகுமார் முதலிடத்தில் இருந்தார்.

அதை அவரிடம் காட்டினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க சஹானா. ஆனா வேண்டாம்னு சொல்லிச் சொல்லி எனக்கு அந்தத் தைரியம் போயிடுச்சு."

"மறுபடி ஆரம்பிக்கலாமே டாக்டர்."

"பயமா இருக்கு" என்றார்.

புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பெயர்களை வரிசைப்படுத்துவதையும் நிறுத்தினார்கள். பாலகுமார் எளிய சிகிச்சைகளோடு நின்றுகொண்டார்.

சஹானா மமதாவை ஃபோனில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மமதா முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ அந்த டாக்டர் இப்ப பண்றாரா மேடம்? எங்க தெருவுல இன்னொருத்தருக்கு அதே பிரச்சனை."

"இல்லம்மா. இப்ப அவர் பண்றதில்ல" என்றாள் சஹானா.