தோமேயின் இடது தொடை

தோமேயின் இடது தொடையில் தசை கிழிந்துவிட்டதாக வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்தவர் எங்கள் கால்பந்து கிளப்பின் தலைவர் செரஃபீம். அன்று காலைதான் அந்தத் தொடை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடியிருந்தது. நான் இந்தக் கிளப்பில் இருபத்தாறு வருடமாக வீரர்களுக்குக் கால் பிடித்து விடுகிறவன். எனக்குத் தெரியாமல் இங்கே ஒரு தசையும் கிழிய முடியாது. ஆனால் தலைவர் வாயால் கிழித்தால் கிழிந்ததுதான்.

தோமேக்கு வயது பத்தொன்பது. பதினொரு வயதில் லிஸ்பனின் பெரிய கிளப் அவனை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போனது. பதினாறில் மூன்று விளையாட்டு நாளிதழ்களும் ஒரே நாளில் அவன் படத்தை முதல் பக்கத்தில் போட்டு ‘நாளைய ராஜா’ என்றன. எங்கள் நாட்டில் வாரத்துக்கு ஒரு நாளைய ராஜா பிறக்கிறான்; அவர்களில் பாதிப் பேர் இன்று லாரி ஓட்டுகிறார்கள். வேறு யாரும் இவனைக் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஒப்பந்தத்தில் எண்பது மில்லியன் யூரோ என்று விலை எழுதினார்கள். எங்கள் பெனெடா ஊரை, பாலம், தேவாலயம், தலைவரின் கல்குவாரி எல்லாம் சேர்த்து விற்றாலும் அவன் கால் கட்டைவிரலுக்குக் காணாது. விலையை எழுதிவிட்டு, ஆட இடம் கொடுக்காமல் வருடத்துக்கு ஒரு ஊர் என்று இரவல் கொடுத்தார்கள். மூன்றாவது இரவல் நாங்கள்.

வந்த புதிதில் பதினொரு ஆட்டம், ஒரு கோல் இல்லை. காபிக்கடைக்குள் நுழைந்தாலே, “வாய்யா எண்பது மில்லியன், சில்லறை இருக்கா?” என்பார்கள். பிறகு குளிர்காலத்தில் ஒன்பது கோல் போட்டான். அதே வாய்கள் அவனைச் சாப்பிட வைக்காமல் விடவில்லை. எந்தத் தெருவில் போனாலும் ஒரு கிண்ணம் கீரை சூப் அவனை மடக்கும்.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மைதானத்தில். எதிராளி, அவனை எங்களுக்கு இரவல் கொடுத்த சொந்தக்காரர்களான அந்தப் பெரிய கிளப். அவர்கள் கோப்பையை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். எங்களுக்கோ ஒரு டிரா கிடைத்தால் முதல் டிவிஷனில் பிழைப்போம், இல்லாவிட்டால் கீழே போவோம். அன்று தோமேயைப் பார்க்க நெதர்லாந்து கிளப் ஒன்றிலிருந்து ஆள் வருவதாகவும் இருந்தது. பிடித்தால் நிரந்தரமாக வாங்கிக்கொள்வார்கள். இரவல் பிழைப்பு முடிந்துவிடும்.

ஆனால் இரவல் கொடுத்த பையன் தங்களுக்கே கோல் போட்டுவிட்டால் பெரிய கிளப்புக்கு மானம் போய்விடுமாம். ‘எங்களோடு மோதும்போது அவனை இறக்காதே’ என்று ஒப்பந்தம் போட லீக் அனுமதிப்பதில்லை. மாட்டினால் புள்ளியைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் யாரும் எதையும் எழுதுவதில்லை, போன் மட்டும் வரும். அந்த வியாழக்கிழமையும் வந்தது. இந்த நாட்டில் இரவல் பையன்களுக்கு வருடத்தில் இரண்டே வாரம்தான் தசை கிழியும். சொந்தக்காரர்களோடு மோதுகிற இரண்டு வாரம். டாக்டர்களுக்கே பிடிபடாத நோய் இது.

“அடெலினோ, கட்டுப் போடு,” என்றார் தலைவர், என் அறைக்கு வந்து.

“எங்க தலைவரே?”

“உனக்கு எங்க வசதியோ அங்க.”

நான் கால் பிடித்து விடும் மேசையில் கிடந்த தோமே குதித்து இறங்கினான். “எனக்கு ஒண்ணுமில்ல தலைவரே. ஞாயித்துக்கிழமை என்னப் பாக்க ஆள் வர்றாரு. நான் ஆடியே ஆகணும்.”

தலைவருக்குக் கண் கலங்கியது. அவருக்கு எதற்கெடுத்தாலும் கலங்கும். “தம்பி, உன்ன என் சொந்த மகனா நெனக்கிறேன்டா.”

“உங்க மகன் தொடையையும் இப்படித்தான் கிழிப்பீங்களா?”

“அவங்கள பகைச்சுக்கிட்டா அடுத்த வருஷம் நமக்கு எவன் பையன இரவல் குடுப்பான்? உன்னையும் சும்மா விடுவாங்களா? ரெண்டாவது டீம் பெஞ்சுல உக்கார வச்சே நரைக்க வச்சிருவாங்க.”

தோமே என்னைப் பார்த்தான். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே.”

நான் கட்டுத்துணியைப் பிரித்தேன். ‘இடது தொடை, தசைக் கிழிசல், ஆறு வாரம்’ என்று தாளிலும் எழுதினேன். எங்கள் டாக்டர் உண்மையில் பல் டாக்டர். காபி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோமேயைக் கையில் ஊன்றுகோலோடு தலைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எண்பத்தொன்பதாவது நிமிடம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தோம். தோமேக்குப் பதிலாக முன்வரிசையில் ஆடியவர் வால்டெமார், வயது முப்பத்தேழு, தொப்பை தனி. யாரோ அடித்த பந்து அவர் முதுகில் பட்டு உள்ளே போய்விட்டது. அவருக்கே பிறகுதான் தெரியும்.

ஊர் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. தோமே ஊன்றுகோலை வீசினான், கம்பி வேலியை ஒரே தாவலில் தாண்டினான், பாதி மைதானத்தைக் கடந்து ஓடினான். முன்னால் ஓடிய மாற்று வீரர்கள் நாலு பேரையும் தாண்டிப் போய் வால்டெமாரின் கழுத்தில் தொங்கினான். அந்த வருடம் முழுக்க அவ்வளவு அழகான ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. சனத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“செரஃபீமு, உன் தொடை ஓடுது பாரு!” என்று மேலிருந்து ஒருவன் கத்தினான். தலைவர் பிழைத்த சந்தோஷத்தில் அழுவதா, மாட்டிய பயத்தில் அழுவதா என்று தெரியாமல் பொதுவாக அழுதார்.

ஆட்டம் டிராவில் முடிந்தது. கால் மணி நேரத்தில் அந்த நெதர்லாந்துக்காரர் என் அறைக்கு வந்தார். லிஸ்பனில் பத்து வருடம் இருந்தவர், எங்கள் மொழி சுத்தமாகப் பேசுவார். தோமே மேசைமேல் உட்கார்ந்திருந்தான். வாசலில் தலைவர் வியர்த்துக்கொண்டு நின்றார்.

அவர் நான் எழுதிய தாளைப் படித்தார். “ஆறு வாரக் காயம் வேலி தாண்டுமா? தாள் பொய்யா, கால் பொய்யா?”

தாள் பொய் என்றால் தோமேக்கு நெதர்லாந்து. விஷயம் லீக் காதுக்குப் போனால் எங்களுக்குப் புள்ளி போகும், ஊர் கீழே இறங்கும். வெளியே கிழவர்கள்கூடக் காபிக்கடை மேசைமேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நானே அதை நம்புவதில்லை.

தோமே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வாசலையும் பார்த்தான். பிறகு மெதுவாக இறங்கி நொண்டினான்.

“கோல் விழுந்த சந்தோஷத்துல ஓடிட்டேன் சார். இப்பத்தான் வலி உயிரெடுக்குது.”

அவர் குனிந்து தொடையை அழுத்தினார். தோமே அலறினான். நன்றாகத்தான் அலறினான்.

“ஆறு வாரக் காயத்தோட ஓடுற அளவுக்குப் புத்தியில்லாத பையன வாங்கி நாங்க என்ன செய்யறது?” என்று சொல்லி, குறிப்பேட்டை மூடி, என்னோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். அந்தக் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது.

“அண்ணே, கட்ட அவுத்துராதீங்க,” என்றான் தோமே. “வெளிய போட்டோக்காரனுங்க நிப்பானுங்க.”

வாசலில் ஊரே காத்திருந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை என்று அங்கே தெரியாத ஆளே கிடையாது. அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாலம் வரைக்கும் பாடிக்கொண்டே போனார்கள். “பாத்துடா, பாத்துடா, புள்ளைக்கு இடது தொடை!” என்று ஒருவருக்கொருவர் கத்தி, அந்தக் காலை மட்டும் பூப்போலப் பிடித்திருந்தார்கள்.