மேற்கோள்

தீர்ப்பை வாசித்துக்கொண்டே வந்த நீதிபதி ஓர் இடத்தில் நிறுத்தி, "இதைப் பற்றி ஓர் ஆய்வாளர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்" என்றபோது, பின்வரிசையில் அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்த இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து வரப்போகும் வரி அவளுக்கு மனப்பாடம். 'நகரசபைக்கென்று சொந்த அதிகாரம் எதுவும் கிடையாது. மாநிலம் கொடுத்ததை மாநிலமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.' பழைய தீர்ப்புகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி அவள் எழுதிய வரி அது.

அக்கா ஊரின் நகரசபைத் தலைவி. தையல் கடை நடத்திக்கொண்டிருந்தவள், குழாயில் தண்ணீர் வராத கோபத்தில் தேர்தலில் நின்று ஜெயித்தாள். பெருநகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து எரிக்கும் ஆலை தங்கள் ஊரில் வரக்கூடாது என்று சபையில் தீர்மானம் போட்டாள். மாநில அரசு அதை ரத்து செய்ததும் வழக்குக்குப் போனாள். "எங்க வீட்லயே ஒரு வக்கீலம்மா இருக்கா, எனக்கென்ன பயம்?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். வக்கீலம்மா சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஒரு வழக்கில்கூட வாதாடியதில்லை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தங்கையின் கட்டுரை வந்த சட்ட இதழை, ஒரு வரியும் படிக்காமல், வீட்டுக் கண்ணாடி அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைத்திருந்தாள். "சட்டம் நம்ம பக்கம் இல்லக்கா" என்று இளையவள் ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தாள். "நியாயம் இருக்குல்ல? போதும்டி" என்று அக்கா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

வழக்கு தள்ளுபடியானது. வெளியே நடைக்கூடத்தில் கறுப்பு அங்கிகள் இவர்களை இடித்துக்கொண்டு போய்வந்தன. அக்கா சுவரோரமாக நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"அவர் படிச்சது நீ எழுதினதா?"

"ஆமாக்கா."

"பொய்யா எழுதின?"

"இல்ல. சட்டம் அப்படித்தான் இருக்கு."

"அதோட முடிச்சிட்டியா? மேல ஒண்ணும் எழுதலையா?"

"எழுதினேன். சட்டத்த மாத்தணும், ஊர்ச் சபைக்குச் சொந்த அதிகாரம் வேணும்னு கடைசியில எழுதியிருக்கேன்."

"அத ஏன் அவர் படிக்கல?"

"அது ஆசைக்கா. தீர்ப்புல ஆசைய எடுத்துக்க மாட்டாங்க."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இளையவளுக்கு. அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து துறைத் தலைவர் போனில் கூப்பிட்டார். "உனக்கு லக்கு அடிச்சிருச்சும்மா! நீதிமன்றமே உன்ன மேற்கோள் காட்டியிருக்கு. உன் பதவி உயர்வ இனிமே யாரும் நிறுத்த முடியாது." அவருக்கு எந்த ஊர், யார் அக்கா என்று தெரியாது. அவள் நன்றி சொன்னாள். தன் குரல் அவ்வளவு மரியாதையாக வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடியில் எங்கோ, கடுகளவு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை அவளால் மறுக்க முடியவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

மறுவாரம் சபைக் கூட்டத்துக்கு அவளும் ஊருக்குப் போனாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. "வாங்க வக்கீலம்மா" என்று வழக்கம்போல நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அக்கா தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னாள். உறுப்பினர் ஒருவர், "அப்ப நம்ம எதுக்குக் கூடி உக்காந்திருக்கோம்?" என்று கேட்டார். அவர் கேட்டது அக்காவைத்தான். கண் மட்டும் இளையவள்மேல் இருந்தது. "தெருவிளக்கு எரியல, அதுக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த விஷயத்துக்குப் போனாள்.

கூட்டம் முடிந்து இருவரும் வெளியே வந்தபோது, இரும்புத் தூண்கள் ஏற்றிய பெரிய லாரி ஒன்று குறுகலான தெருவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அம்மா, குப்பை எரிக்கிற ஆலை கட்டுறாங்களே, அந்த இடத்துக்கு எப்படிப் போகணும்?" என்றார்.

இளையவள் அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இந்தத் தெருவுல போவாதீங்க. கரண்டுக் கம்பி தாழ்வாத் தொங்குது, இடிச்சிரும். பின்னால எடுத்து, பெரிய ரோட்டுல போய் ரெண்டாவதா இடப்பக்கம் திரும்புங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, லாரிக்குப் பின்னால் நடுத்தெருவில் போய் நின்று, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி ஒரு கையை உயர்த்தி, "வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம் வரலாம்" என்று பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்தாள்.