அண்ணன் சரின்னுட்டாரு

போன அறுவடைக்கு முன்பே செத்துப்போன மனிதர், இந்த விதைப்புக் காலம் வரை விவசாயிகள் குரூப்பில் ஒழுங்காகப் பதில் போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் போட்டது ஒரே ஒரு பதில்தான்: சரி. தண்ணீர் முறை மாறுகிறது என்றால் சரி. உரம் வந்திருக்கிறது என்றால் சரி. ஒருமுறை யாரோ தன் மாட்டுக்கு வயிறு சரியில்லை என்று போட்டதற்கும் சரி. அதனால் ஊரே அவரைச் சரி அண்ணன் என்றுதான் கூப்பிட்டது.

இப்போது அந்தச் சரிகளைப் போடுவது அவர் மனைவி. சரிவில், ஊருக்கு மேலே இருக்கும் அவர்களுடைய மக்காச்சோளக் காட்டை வைத்து அவளுக்கு மேட்டுக்காட்டுக்காரி என்று பெயர். கணவரின் பழைய போனை இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் வைத்திருந்தாள். செய்தி வந்து அது சிணுங்கினால், எடுத்து, சரி என்று அமுக்கி, மறுபடி உள்ளே போடுவாள். அதற்குமேல் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தன் பெயரிலேயே சேரலாம் என்று அவள் முயற்சி செய்யாமல் இல்லை. குரூப்பை ஆரம்பித்தவன் அவளுடைய கொழுந்தன். ஆரம்பித்த நாளிலிருந்து ஊரில் அவனுக்கு அட்மின் என்றே பெயர். அவன் மாமியார்கூட "அட்மின் மாப்பிள்ளை" என்றுதான் சொல்வாள்.

"என் நம்பரையும் சேத்து விடுங்க தம்பி," என்று கேட்டாள்.

"அது விவசாயிங்க குரூப் அண்ணி."

"அப்ப நான் யாரு?"

அவன் யோசித்தான். நேர்மையாகத்தான் யோசித்தான். "நீங்க அண்ணி," என்றான்.

அண்ணனின் நம்பரை நீக்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தின்மேல் விரலை வைப்பான், விரல் அமுங்காது. அதனால் செத்தவர் குரூப்பில் இருந்தார், காட்டில் வேலை செய்தவள் வெளியே இருந்தாள்.

ஊரின் விவசாயம் முழுக்க அந்தக் குரூப்புக்குள்தான் நடந்தது. எந்தக் கடை விதை முளைக்காது, வாய்க்கால் எப்போது திறக்கும், விதைப்பு மெஷின் யார் காட்டுக்கு எந்தக் கிழமை என்பதெல்லாம் ஆண்களின் சட்டைப் பையில் சிணுங்கும். பெண்களுக்குக் குரூப் கிடையாது. பாதிப் பேருக்குப் பேச மட்டும் முடிகிற சின்ன போன். மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. ஆனால் அவர்களுக்கு மிஸ்டு கால் இருந்தது. ஒருமுறை அடித்து நின்றால் களை எடுக்க வா என்று அர்த்தம். இரண்டுமுறை என்றால் இன்று வேலையில்லை. விடாமல் அடித்தால், அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கிவிட்டு ஓடிவா. போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டுவாள். இதன் தலைமை நிலையம் ரேடியோ என்ற பெண்மணி. களை எடுக்கும் கூட்டத்தை நடத்துகிறவள். அவள் காதில் விழுந்த விஷயம் பொழுது சாய்வதற்குள் ஊர்க் காதெல்லாம் விழுந்துவிடும்.

அன்று மேட்டுக்காட்டுக்காரி கை முழுக்கச் சேறோடு வரப்பை அடைத்துக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியது. அட்மினின் செய்தி. அவன் எப்போதும் மேடையில் பேசுவதுபோல் நீளமாகத்தான் எழுதுவான்: விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம், மெஷின் வியாழக்கிழமை வருகிறது, முதலில் ஆற்றோரக் காடுகள், அப்புறம் ரோட்டோரக் காடுகள், அதற்குப் பின்... அதற்குமேல் திரையில் மூன்று புள்ளியும் 'மேலும் வாசிக்க' என்ற வார்த்தையும் இருந்தன. சேற்று விரலால் எங்கே மேலும் வாசிப்பது? சுண்டு விரல் ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. அதை வைத்துச் சரி என்று அமுக்கினாள்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது வாசலில் ரேடியோ நின்றாள்.

"ஏண்டி, காட்டைத் தூக்கிக் குடுத்துட்டியாமே?"

"யாருக்கு?"

"உன் கொழுந்தனுக்கு! அதுவும் நீ குடுக்கல. உன் புருஷன் குடுத்தாராம். ஊரெல்லாம் அதான் பேச்சு."

கையைக் கழுவிவிட்டு அவள் மேலும் வாசித்தாள். மூன்று புள்ளிக்குக் கீழே அது இருந்தது. 'அண்ணன் மறைவுக்குப் பின் அண்ணி தனியாகச் சிரமப்படுவதால், மேட்டுக்காட்டை இந்த விதைப்பிலிருந்து நானே கவனித்துக்கொள்கிறேன். மெஷினும் என் பெயரில் வரட்டும். அனைவருக்கும் சம்மதமா?'

அதற்கு அடியில் முதல் பதில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய படத்தோடு: சரி.

அதற்கப்புறம் ஆண்கள் பேசியிருந்தார்கள். 'அண்ணனே சரின்னுட்டாரு, அப்புறம் என்ன' என்று ஒருவர். மெஷின் ஓட்டும் டிரைவர் மட்டும், 'அண்ணன் தவறிட்டாரே?' என்று கேட்டிருந்தான். அதற்கு ஆற்றோரக் காட்டுப் பெரியவர் பதில் போட்டிருந்தார்: 'உயிரோட இருந்தாலும் இதைத்தாம்பா சொல்லியிருப்பாரு.' கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக நின்றன.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இதை அவரிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தாள். சத்தம் வராது அவருக்கு. தோள் மட்டும் குலுங்கும். சொல்ல ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சூட்டோடு எழுந்து கொழுந்தன் வீட்டுக்கு நடந்தாள். காடு கை மாறினால் மாறினதுதான்; அது திரும்பி வந்ததாக இந்த ஊரில் கதையே இல்லை. அடுத்த வருஷம் அதே காட்டில் அவள் கூலிக்குக் களை எடுப்பாள். கொழுந்தன் வரப்பில் நின்று "அண்ணி, அங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்பான்.

அவன் மருந்தடிக்கும் மெஷினைக் கழற்றிப் பரப்பி உட்கார்ந்திருந்தான். உள்ளே அவளுடைய ஓரகத்தி வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் காட்டை நான்தான் விதைப்பேன் தம்பி."

"அண்ணன் நம்பர்லேர்ந்து சரின்னு வந்திருக்கே அண்ணி. நீங்க போட்டீங்களா?"

நான்தான் போட்டேன் என்றால் சம்மதித்தவள் ஆகிறாள். நான் போடவில்லை என்றால் அண்ணன் போட்டதாகிறது.

"கை தவறிப் பட்டுடுச்சு."

"யாரு கை?"

உள்ளே வெங்காயம் தரம் பிரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"இவ்வளவு நாளா மெஷின் முறை வாங்கினது, தண்ணி முறை வாங்கினது எல்லாம் யாரு தம்பி? அவரா எழுந்து வந்தாரு?"

"அதனாலதான் சொல்றேன். பொம்பளை கூப்பிட்டா டிரைவர் வரமாட்டான், வந்தாலும் கடைசியாத்தான் வருவான். அதுக்குள்ள மண்ணு காஞ்சுடும். உங்க நல்லதுக்குத்தான்." அவன் பொய் சொல்லவில்லை; அதை உண்மையாகவே நம்பினான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். "சரி, நான் ஒண்ணும் சர்வாதிகாரி இல்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் தர்றேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா குரூப்ல போடட்டும். ஆனா குரூப்ல இருக்கிறவங்கதான் போடணும்."

மறுநாள் காலையில் ரோட்டோர வெங்காயக் காட்டில் களை எடுப்பு. மேட்டுக்காட்டுக்காரி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "யாரு கை?" என்ற இடத்தில் டிரைவரின் மனைவி களைக்கொத்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்கடி, எனக்குக் காடு போகுது."

"உனக்கு மட்டுமா போகுது?" என்றாள் ஆற்றோரக் காட்டுப் பெரியவரின் மனைவி. "என் வீட்டுக்காரருக்கு இருமல் பாத்தேல்ல? அவரு கண்ணை மூடினா என் காட்டுக்கும் நாலு பேரு கட்டைவிரல் காட்டுவான். இவரு இப்ப எவனுக்கோ காட்டிட்டிருக்காரு."

"என் வீட்டுல உயிரோட இருக்கும்போதே என்னைக் கேக்கறதில்ல," என்றாள் டிரைவர் மனைவி.

ரேடியோ ஒன்றும் பேசவில்லை. அது எல்லோருக்கும் பயமாக இருந்தது. வரிசையின் கடைசி வரை களை எடுத்துவிட்டு நிமிர்ந்து, சூரியனைப் பார்த்துக் கேட்டாள்: "மோட்டார் கரண்டு இன்னைக்கு மத்தியானந்தானே?"

ஊரில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மோட்டார் கரண்டு வந்தால் ஆண்கள் எல்லோரும் கிணற்றடிக்கு ஓடுவார்கள். போன்கள் வீட்டில் சார்ஜ் ஏறும்.

மத்தியானம் மேட்டுக்காட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டு போனைக் கையில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டில் ஒரு மிஸ்டு கால் விடாமல் அடித்தது. பின் வீட்டில் யாரோ சுவரைத் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆற்றோரக் காட்டுப் பெரியவரின் பெயரில் ஒரு செய்தி வந்தது.

'எனக்கு ஆட்சேபம் உண்டு. அந்தப் பொண்ணே விதைக்கட்டும்.'

அடுத்து டிரைவர்: 'எனக்கும். அக்கா கூப்பிட்டா நான் ஓடி வருவேன்.' ஓடி வருவேன் என்பதற்கு முன்னால் ஓடும் மனிதன் படம் வேறு.

அப்புறம் செய்தி மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரக் காட்டுக்காரர் வேண்டாம் என்றார். பால் ஊற்றுகிறவர் வேண்டாம் என்றார். உரக்கடைக்காரர், ஆயுசில் யாருக்கும் நல்லது சொல்லாதவர், 'மேட்டுக்காட்டு அக்கா மாதிரி விவசாயி நம்ம ஊருக்குப் பெருமை' என்று எழுதியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி கோபமான முகம் ஒன்றும், பக்கத்தில் எதற்கோ ஒரு தக்காளியும் போட்டாள். யாரோ குரல் செய்தி அனுப்பினார்கள். மேட்டுக்காட்டுக்காரி அமுக்கினாள். "இதுல எங்கடி அமுக்கணும், ஐயையோ, இது பேசறதெல்லாம் பிடிக்குதுடி—" என்றது போன். அடுத்த நிமிஷம் அது அழிக்கப்பட்டது. எல்லா வீட்டு போனுக்கும் பூட்டு உண்டு. ஆனால் பெண்டாட்டி சாப்பாடு போடும்போது அவள் மூக்குக்கு எதிரே விரலால் கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றபாடில்லை. கடைசியாக ஒரு செய்தி வந்தபோது சிரிப்பே மறந்துபோயிற்று.

அட்மின்: 'விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம். நான் இரவெல்லாம் யோசித்தேன். நான் சொன்னது தப்பு. காடு அண்ணியுடையது. மெஷின் அவர்கள் பெயரில் வரும். அவர்களையும் குரூப்பில் சேர்க்கிறேன். இப்படிக்கு அட்மின்.'

அதற்கு அடியிலேயே அவளுடைய சொந்த நம்பர் குரூப்பில் சேர்ந்தது. வீட்டில் கிடந்த அவளுடைய சொந்த போனில் நெட் தீர்ந்து மாதக்கணக்காகிறதே, குரூப்பைப் பார்க்க முடியாதே என்று, அதை எழுதிச் சேர்த்த ஓரகத்திக்கு அந்த அவசரத்தில் தோன்றவில்லை. ஆனால் சேர்த்தது சேர்த்ததுதான்.

சாயங்காலம் மெஷின் ஷெட்டில் ஆண்கள் கூடினார்கள். முறை கேட்க அவளும் போனாள். ஒவ்வொருவரும் தன் போனைப் பார்ப்பதும், மற்றவர் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். தன் வீட்டில் மட்டும்தான் இந்த அக்கிரமம் நடந்தது, மற்றவர்களெல்லாம் சுயபுத்தியோடு எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்.

பெரியவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே நினைச்சேன்."

"நானுந்தான்," என்றார் உரக்கடைக்காரர் அவசரமாக. "பெருமைன்னு சும்மாவா எழுதினேன்!"

"தக்காளி எதுக்குய்யா போட்டே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது... ஒரு அர்த்தத்தோடதான்," என்றார் தக்காளி போட்டவர்.

அப்போது அட்மின் வந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. வாயைத் திறப்பதற்குள் பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புன்னு தானே ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும்பா. எங்க காலத்துல ஒருத்தன் இப்படி இல்ல."

"உங்க அண்ணன் இருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு," என்றான் டிரைவர்.

அட்மின் போனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். இதை நான் எழுதவில்லை என்றால் யார் எழுதியது என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால், பெண்டாட்டி போனை எடுத்து ஊருக்கே நாட்டாமை செய்கிற ஒரே வீடு அட்மின் வீடு என்றாகும்.

"ஆமா," என்றான். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

"சரி, மேட்டுக்காட்டுக்கு எப்ப வரட்டும்?" டிரைவர் பழக்கத்தில் அட்மினைப் பார்த்துக் கேட்டான்.

அட்மின் ஷெட்டின் கூரையைப் பார்த்தான். "அவங்க காடு. அவங்களையே கேளு."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த ஊரில் அவளைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பதில் அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில. கீழ்ப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஓட்டுங்க. மேலே ஈரம் இன்னும் வடியல. விதை நான் கொண்டாறேன், கடையில வாங்க வேணாம்."

உரக்கடைக்காரர் முகம் சுருங்கியது. எழுதிய பெருமையை வாபஸ் வாங்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை மெஷின் சொன்னபடி வந்தது. முதல் வரிசை பாதிகூடத் தாண்டவில்லை, ஓரகத்தி மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அக்கா, அவரு என்கிட்ட மூணு நாளாப் பேசல."

"ஐயோ, என்னாலதானேடி..."

"வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?" என்றாள் ஓரகத்தி. "பெருமக்களுக்கு வணக்கம்னு சரியா எழுதியிருந்தேனா? அவரை மாதிரியே வரணும்னு எத்தனை தடவை அழிச்சு அழிச்சு எழுதினேன்!"

இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, அப்படியே உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் மெஷினை நிறுத்தி என்ன ஆயிற்று என்று கேட்டான். அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. ஓட்டு, ஓட்டு என்று கையை மட்டும் ஆட்டினார்கள்.