மீட்டர்காரர் வீட்டுக் காபித் தட்டு

ஓய்வு பெற்ற ஆணுக்கு வீட்டில் ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அவனாகவே ஒன்றைக் கண்டுபிடிப்பான். அதைச் சரிசெய்ய நாலு பேர் வேண்டியிருக்கும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தே தலை நரைத்த நம் மீட்டர்காரர், ஓய்வு பெற்ற மறுவாரம் சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கிவைத்தார். அன்று காபியில் உப்பு விழுந்தது.

“இந்தாங்க,” என்று மனைவி, பிரிவு உபசாரத்தில் நண்பர்கள் கொடுத்த காபி மெஷினை அவர் கையில் திணித்தாள். “இது மட்டும் உங்க பொறுப்பு. மத்த எதையாவது தொட்டீங்க, நடக்கிறதே வேற.”

அந்த அம்மாள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். விரிப்பும் துண்டும் மலை மலையாக வந்து இறங்கும் இடம். அத்தனை சலவை மெஷின் இரைச்சலையும் மீறி அவள் குரல் கடைசி மூலைவரை போகும். அங்கே அவளுக்குப் பெயர் சைரன். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவளுக்கும் தெரியும்; உள்ளூரப் பெருமை.

தைராய்டு சுரப்பி மந்தமாகிப்போனதால் சில வருடங்களாக அவள் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை சாப்பிட்டு வந்தாள். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் அதை விழுங்கிவிட்டுக் குளிக்கப் போவாள். காபியெல்லாம் வேலைக்குப் போய்த்தான். எல்லாம் சீராக ஓடியது, மெஷின் வீட்டுக்கு வரும்வரை.

மெஷின் வந்தபின் காபி படுக்கைக்கே வந்தது. தட்டில் நுரை ததும்பும் பால் காபி. பக்கத்தில் தைராய்டு மாத்திரை. அதற்கும் பக்கத்தில், எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த தடியான கால்சியம் மாத்திரை. எல்லாம் ஒரே தட்டில், ஒரே வேலையாக. தன் நிர்வாகத் திறமையை மீட்டர்காரர் தானே மெச்சிக்கொண்டார். மெச்ச வேறு யாரும் அந்த நேரத்தில் விழித்திருக்கவில்லை.

“வெறும் வயித்துல சாப்பிடணும்னாங்களே,” என்று முதல் நாள் அவள் கேட்டாள்.

“காபி என்ன சாப்பாடா? வயிறு வெறும் வயிறாத்தானே இருக்கு.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

சில மாதங்களில் அவளுக்கு ஒரு போர்வை போதாமல் இரண்டானது. முகம் ஊதியது. குரல் கம்மியது. கடைசியில் ஒரு நாள், துண்டு மலைக்கு நடுவே தலை சாய்த்துத் தூங்கியேவிட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“மேனேஜர் சொல்லிட்டாருங்க. ‘முடியலைன்னா உட்கார்ந்து துணி மடிங்கம்மா, மேற்பார்வைக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்’னு.”

மடிக்கிற மேஜையில் சைரனுக்கு என்ன வேலை? அந்தக் கூடத்தை ஆளாமல் அவள் எப்படி இருப்பாள் என்று மீட்டர்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். என்ற வரியில் 11.8. நாலுக்குள் இருக்க வேண்டுமாம். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. மீட்டர்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்; எண்களோடு வாழ்ந்த மனுஷர்.

“பார்த்தியா, எகிறிக் கிடக்கு. மாத்திரை உடம்புல கூடிப்போச்சு. மீட்டர்ல யூனிட் ஏறினா என்ன பண்ணுவோம்? உபயோகத்தைக் குறைப்போம்.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“நம்பர் பார்க்க டாக்டர் எதுக்கு? நான் பார்க்காத நம்பரா?”

மறுநாள் காலை பழம் நறுக்கும் கத்தியால் மாத்திரையைப் பாதியாக்கினார். ஒரு பாதி தெறித்து அடுப்புக்கு அடியில் ஓடியது. மறு பாதியைத் தட்டில் வைத்துக்கொண்டு, அவள் சண்டை போட்டால் சொல்ல வேண்டிய பதில்களை மனப்பாடம் செய்தபடி போனார்.

அவள் பாதி மாத்திரையைப் பார்த்தாள். “சரி,” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் முதல் தடவையிலேயே அவள் சரி என்றது கிடையாது. கையை நீட்டியவளிடமிருந்து தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எழுந்திரு. டாக்டர்கிட்ட போறோம்.”

டாக்டரம்மா சிரிக்காமல் ஜோக்கடிக்கிற ரகம். மீட்டர்காரர் உட்கார்ந்த கையோடு தன் தொழிலையும் தன் கணக்கையும் சொல்லி முடித்தார்.

“சார், இந்த நம்பர் மாத்திரையோட அளவே இல்லை,” என்றார் டாக்டர். “மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. கழுத்துல இருக்கிற தைராய்டுக்கு அது அனுப்புற தாக்கீதுதான் டி.எஸ்.எச். உடம்புல ஹார்மோன் குறைஞ்சா தாக்கீது ஏறும். போதுமானது இருந்தா இறங்கும்.”

குளிருக்குப் போர்த்திக்கொண்டு வந்திருந்த போர்வைக்குள்ளிருந்து அவள் தலையை நிமிர்த்தினாள். “நான் வேலையில கத்துற மாதிரி. பசங்க சும்மா நின்னா என் சத்தம் ஏறும். வேலை ஓடினா நான் ஏன் கத்தப்போறேன்?”

“அதேதாம்மா.”

“அப்போ இவளுக்குள்ள இன்னொரு சைரன் இருக்கா?” என்றார் மீட்டர்காரர், ஒன்றையே சமாளிக்க முடியாதவரின் குரலில்.

“இருக்கு. மாசக்கணக்கா கத்திக்கிட்டிருக்கு. கீழே ஃப்ரீ டி4-னு போட்டிருக்கு பாருங்க, ரத்தத்துல நிஜமா இருக்கிற சரக்கு அதுதான். அது குறைவா இருக்கு. நீங்க மாத்திரையைப் பாதியாக்கியிருந்தா இவங்க இன்னும் படுத்திருப்பாங்க.”

அடுப்புக்கு அடியில் ஓடிய பாதியை மீட்டர்காரர் நினைத்துக்கொண்டார்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். “போன தடவை இதே மாத்திரையில எல்லாம் சரியா இருந்தது. நடுவுல என்ன மாறிச்சு? மறந்து விட்டுப்போகுதா?”

“விட்டுப்போறதா? தினமும் நானே என் கையால குடுக்கறேன் டாக்டர்,” என்று மீட்டர்காரர் நெஞ்சை நிமிர்த்தித் தட்டை வர்ணித்தார். காபியைச் சொன்னார். கால்சியத்தைச் சொன்னார். நுரையையும் விடவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நுரை வேறயா.”

காபியும் கால்சியமும் மாத்திரையை உடம்பில் சேர விடாது என்பது மீட்டர்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. அளவை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வெறும் தண்ணீர் மட்டும். காபி ஒரு மணி நேரம் கழித்து. கால்சியத்துக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், அதை ராத்திரிச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆறேழு வாரம் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை.

“நடுவுல வாரா வாரம் ஒரு ரீடிங் எடுத்தா...”

“வேண்டாம் சார். இது மெதுவா ஓடுற மீட்டர். அவசரப்பட்டுப் பார்த்தா தப்பாத்தான் காட்டும்.”

பஸ் நிறுத்தத்தில் மீட்டர்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். “உன்னைப் படுக்க வெச்சதே நான்தான்.”

“விடுங்க. காபியாவது நல்லா இருந்திருந்தா மனசு ஆறியிருக்கும்.”

“என்னது?”

“கருகின வாசனை. தினமும்.”

“ஏன் சொல்லலை?”

“தட்டைத் தூக்கிட்டு வரும்போது உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அதைப் பார்த்துட்டு யாரு சொல்லுவா?”

பஸ் வந்தது. மீட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஏறியதில் படி தடுக்கியது.

மறுநாளிலிருந்து தட்டில் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மாத்திரை. ராஜாவுக்குக் கொண்டுபோவதுபோல அதையும் ஏந்திக்கொண்டுதான் போனார். காபிக்கு முந்திய அந்த ஒரு மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அவள் பாதி கேட்பாள், பாதி தூங்குவாள். வர வரத் தூக்கம் குறைந்தது; அவருக்குத்தான் பேச விஷயம் தீர்ந்துபோனது.

ஒரு போர்வை அலமாரிக்குத் திரும்பியது. மூடியே கிடந்த ஜன்னல் திறந்தது. பிறகு ஒரு காலை:

“தட்டுக்கு அடியில ஈரம் பாருங்க. விரிப்பு நனையுது. ஊர்த் துணியெல்லாம் தோய்ச்சுட்டு வந்து இதையும் நான்தான் தோய்க்கணுமா?”

மீட்டர்காரர் தட்டோடு அப்படியே நின்றார்.

“கத்திக்கிட்டிருக்கேன், இளிக்கிறீங்க.”

“ரீடிங் எடுத்துக்கிட்டிருக்கேன்,” என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஹோட்டலின் பின்வாசலுக்குப் போனார். உள்ளே மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே, தெளிவாக:

“மூணாவது மெஷின்ல வெள்ளையோட கலர் துணியைப் போட்ட மகராசன் யாரு?”

காவலாளி காதைத் தேய்த்தார். “கொஞ்ச நாளா இப்படித்தான் சார். அந்த அமைதியே தேவலைன்னு சொல்லலாம்னு பார்த்தா, மனசு வரமாட்டேங்குது.”

அவள் கை துடைத்துக்கொண்டே வந்து தாளைப் பிடுங்கினாள். 2.6. அம்புக்குறி இல்லை.

“இறங்கிடுச்சு. உள்ளே இருக்கிறவ கத்துறதை நிறுத்திட்டா போலிருக்கே.”

“ஆமா. பொறுப்பை உன்கிட்ட குடுத்துட்டா.” பிறகு தயங்கிக் கேட்டார். “அந்த மடிக்கிற மேஜை?”

“மடிக்க வேற ஆள் போட்டாச்சு. மேனேஜரே வந்து சொன்னாரு, கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டு.” தாளை மடித்து அவர் சட்டைப் பையில் சொருகினாள். கை ஒரு நிமிஷம் அங்கேயே இருந்தது. “கிளம்புங்க. போய் அந்த மெஷினைக் கழுவுங்க. அடியில கருகிக் கிடக்கு, இத்தனை நாளா நீங்க எட்டிக்கூடப் பார்க்கலை.”

மீட்டர்காரர் நடந்தார். தெருக்கோடிவரை அவள் குரல் கேட்டது. திரும்பும் இடத்தில் கொஞ்சம் நின்று, கேட்டுவிட்டு, மெஷினைக் கழுவப் போனார்.