தம்பிக்கு அக்காவைப் பற்றி ஒரு கடிதம்

முதல் நாள் முழுக்க, ஆற்றின் மேல்கரையில் உள்ள வட்ட அலுவலகத்தில் உதவிப்பணம் கேட்டு மினேகோ காத்துக் கிடந்தாள். சாயங்காலம் வாசலை மூடப்போகும் நேரத்தில் ஒருவர் வந்து, ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்டார். பாலத்தடியில் என்றாள். பாலத்துக்கு எந்தப் பக்கம் என்றார். கீழ்க்கரை என்றதுமே அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்படியானால் நீங்கள் கீழ்க்கரை வட்டத்து ஆள், மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று வழி எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தம்பி தோகுஜியை இழுத்துக்கொண்டு கீழ்க்கரை அலுவலகத்துக்கு வந்தாள். ஜனவரிக் குளிர். உள்ளே கணப்பு போட்டிருந்ததே பெரிய புண்ணியமாக இருந்தது. எண் சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அவர்களை அழைத்தார்கள். செகாவா என்று நெஞ்சில் பெயரட்டை குத்திய, முப்பது வயதுக்குள் இருக்கக்கூடிய ஒரு ஆள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ராத்திரி எங்கம்மா படுத்தீங்க?"

"பாலத்தடியில. கீழ்க்கரைப் பக்கம்," என்றாள் மினேகோ, பாடம் ஒப்பிப்பதுபோல.

"இல்லக்கா," என்றான் தோகுஜி. "நேத்து காத்து ரொம்ப அடிக்குதுன்னு பாலத்தத் தாண்டி அந்தப் பக்கம் போய்ட்டோமே. மறந்துட்டியா?"

மினேகோ திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் ஒரு கெட்டில் தண்ணீர் கொதித்திருக்கும். அவன் உதவி செய்துவிட்ட திருப்தியில் செகாவாவைப் பார்த்துத் தலையசைத்தான். ஐம்பத்தேழு வயது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் வராது. வேண்டாத இடத்தில் உண்மை மட்டும் தங்குதடையில்லாமல் வரும்.

"அப்படின்னா மேல்கரை அலுவலகத்துல..." என்று ஆரம்பித்தார் செகாவா.

"சார்," என்றாள் மினேகோ. கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். சனிக்கிழமைதோறும் பூங்காவில் சோற்று உருண்டை கொடுக்கும் குழுவில் ஓட்சுகி என்றொரு பெண்மணி இருந்தாள். அலுவலகத்தில் என்ன பேச வேண்டும் என்று அவள் கையால் எழுதிக் கொடுத்தது அது. "வீடு இல்லாதவ எங்க இருக்காளோ அந்த எடத்து அலுவலகம் மனு வாங்கணும். இதுதான சட்டம்? நேத்து எங்க படுத்தேன்னு ஏன் கேக்குறீங்க? இப்ப நான் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். இந்த நாற்காலி எந்த வட்டம், சொல்லுங்க."

செகாவா நாற்காலியைப் பார்த்தார். பிறகு எழுந்து தடுப்புக்குப் பின்னால் போனார். அங்கே யாரோ மேலதிகாரி இருக்க வேண்டும். முணுமுணுப்புக் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் மனுப் படிவங்கள் இரண்டு இருந்தன.

"எழுதிக் குடுங்கம்மா. ஆளுக்கு ஒண்ணு."

இரண்டையும் மினேகோவே எழுதினாள். தோகுஜிக்கு எழுத்து சரியாக வராது. அம்மா இறந்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று, அவளுக்குப் பதினேழு. அதற்குப் பிறகு வடக்கே மலையில் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவள் விருந்தாளிகளின் அறைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டுச் சுமந்தாள், அவன் குளியல் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினான். படுக்கை, சாப்பாடு எல்லாம் விடுதியின் பின்கட்டிலேயே. போன இலையுதிர் காலத்தில் முதலாளி இறந்தார், பிள்ளைகள் கட்டடத்தை விற்றார்கள். வேலை போன அன்றே வீடும் போய்விட்டது. டோக்கியோவில் தங்குமிடத்தோடு வேலை தருவதாகப் போனில் சொன்னவர்கள், நேரில் வயதைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டார்கள். கொஞ்ச நாள் இரவில் படுக்க இடம் தரும் இன்டர்நெட் கடைகளில் ஓட்டி, பிறகு பாலத்தடிக்கு வந்திருந்தார்கள்.

"நாங்க ஒண்ணும் பிச்சை கேக்க வரல சார்," என்றான் தோகுஜி திடீரென்று. "வேலை கெடைக்கிற வரைக்கும் சும்மா..."

"நீ வாயை மூடு," என்றாள் மினேகோ, தலை நிமிராமல்.

"சொன்னா என்னக்கா?"

"நேத்து நான் கையேந்தி வாங்கின, குலுக்கினா சூடாகுற பொட்டலத்த யாரு வயித்துல வெச்சுக்கிட்டுத் தூங்கினது? அது பிச்சை இல்லையா?"

செகாவா இருமினார். இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

படிவங்களைச் சரிபார்த்துவிட்டு அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "நல்ல சேதிம்மா. பெண்கள் தங்குற எடத்துல இன்னிக்கே ஒரு படுக்கை காலியா இருக்கு. மூணு வேளை சாப்பாடு. நீங்க சாயங்காலமே போயிடலாம்."

"இவன்?"

"ஆண்கள் தங்குமிடம் வேற. நகரத்துக்கு அந்தக் கோடி. ஒரு கூடத்துல இருபது பேரு. அங்க வியாழக்கிழமைதான் எடம் வரும்."

"இன்னிக்குச் செவ்வாய்."

"ஆமாம்மா."

"ரெண்டு ராத்திரி இவன் எங்க போவான்?"

செகாவா கோப்பின் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் பதில் இருக்கும்போல.

மினேகோவுக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சுத்தமான படுக்கை. காதுக்குள் இவன் குறட்டை இல்லை. சாக்ஸ் எங்கே, பல்பொடி எங்கே, அக்கா பசிக்குதே என்று நச்சரிப்பு இல்லை. அறுபத்தோரு வயதில் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி. "போக்கா, நான் பாத்துக்குறேன்," என்றுகூட அவன் சொன்னான். அப்படிச் சொன்னதுதான் வினை. இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் நவம்பரில் தனியாக வேலை தேடிப் போனான். யாரோ நீட்டிய தாளில், படிக்கத் தெரியாததைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு கட்டட வேலைக் கொட்டகையில் கூலியில்லாமல் கிடந்தவனை ஒன்பதாம் நாள்தான் தேடிப் பிடித்தாள்.

"முடியாது," என்றாள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஏதாச்சும் குடுங்க."

"அம்மா, கல்யாணம் ஆனவங்கன்னா குடும்பங்களுக்கான எடம் இருக்கு. அக்கா தம்பின்னா... ரெண்டு பேரும் பெரியவங்க. தனித்தனிக் குடும்பம்னுதான் பதிவு பண்ணச் சொல்றாங்க." தடுப்பின் பக்கம் கண்ணைக் காட்டினார். "சரி, அதை அப்புறம் பாப்போம். இன்னொரு கேள்வி பாக்கி. உதவி கேக்குறவங்களோட ரத்த உறவுக்கு நாங்க கடிதம் போடணும். இவங்கள நீங்க தாங்க முடியுமான்னு. அப்பா அம்மா இல்ல. கூடப் பொறந்தவங்க யாராச்சும்?"

"ஒரு தம்பி இருக்கான்."

"பேரு?"

"குரிஹாஷி தோகுஜி."

செகாவாவின் பேனா நின்றது. மினேகோவின் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க..."

"அக்கா இருக்காங்க," என்றான் தோகுஜி மரியாதையாக. "இதோ."

செகாவா எழுந்து தடுப்புக்குப் பின்னால் போனார். இந்தமுறை முணுமுணுப்பு நீண்டது. திரும்பி வரும்போது அவர் காதுமடல் சிவந்திருந்தது.

"விதிப்படி அனுப்பித்தான் ஆகணும்னு சொல்றாங்க. தனித்தனிக் குடும்பம்னா ரெண்டு கடிதம். உங்களத் தாங்க முடியுமான்னு தம்பிக்கு ஒண்ணு. தம்பியத் தாங்க முடியுமான்னு உங்களுக்கு ஒண்ணு."

"எந்த விலாசத்துக்கு?"

"உங்க... ரெண்டு பேரோட..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"விலாசம் இல்லாததாலதான சார் இங்க வந்திருக்கோம்! பாலத்துக்கா போடுவீங்க? எந்தப் பக்கத்துக்குப் போடுவீங்க?"

கூடத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மினேகோ குரலைத் தாழ்த்தவில்லை. இரண்டு நாளாக அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "பதில் வர எத்தனை நாளாகும்? ரெண்டு வாரமா? ரெண்டு வாரம் நாங்க பாலத்தடியில உக்காந்து, தபால்காரர் வருவாரான்னு பாத்துக்கிட்டு, இவனுக்கு நான், எனக்கு இவன்னு பதில் எழுதிக்கிட்டு இருக்கணுமா? அந்தக் கடிதத்த இப்பவே குடுங்க. இங்கயே எழுதிக் குடுக்குறோம்!"

விதியில் அப்படிச் செய்யலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. செகாவா அச்சடித்த இரண்டு கேள்வித்தாள்களை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

தன்னுடையதை மினேகோ ஒரு நிமிஷத்தில் முடித்தாள். பண உதவி செய்ய முடியுமா? முடியாது. காரணம்? பணம் இல்லை. மன ஆதரவு தர முடியுமா? அதில் 'போதும்போதும் என்கிற அளவுக்குத் தந்தாயிற்று' என்று எழுதிவிட்டு, பேனாவை வைத்தாள்.

தோகுஜியின் தாளை அவளே படிக்க வேண்டியிருந்தது. "உங்க அக்காவான குரிஹாஷி மினேகோவுக்குப் பண உதவி செய்ய முடியுமா?"

"என்கிட்ட ஏதுக்கா?"

"முடியாதுன்னு எழுதுறேன். அடுத்தது. அவருக்கு மன ஆதரவு தர முடியுமா? அதாவது போன்ல பேசுறது, வந்து பாக்குறது..."

தோகுஜி வெகுநேரம் யோசித்தான். விடுதியில் தொட்டித் தண்ணீரின் சூட்டைக் கையை விட்டுப் பார்ப்பானே, அந்த முகம்.

"நான் இல்லன்னா அவ யாரத் திட்டுவா?" என்றான் செகாவாவிடம். "திட்ட ஆள் இல்லன்னா அவளுக்கு ரெண்டு நாள்ல ஒடம்பு படுத்துரும் சார். தொண்ணூத்தெட்டுல நான் கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தப்ப அப்படித்தான் ஆச்சு. அதனால முடியும்னு எழுதச் சொல்லுங்க. தெனம் வேணும்னாலும் முடியும்."

மினேகோ எழுதவில்லை. அந்த வருஷம் உடம்பு படுத்தது உண்மை. காய்ச்சல் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். இவன் கவனித்திருப்பான் என்று நினைக்கவே இல்லை. பேனாவைப் பிடித்தபடி கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. அதற்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

"குடுங்கம்மா," என்று செகாவா தாளை வாங்கி, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் தானே எழுதினார். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவையாகத் தடுப்புக்குப் பின்னால் போனார். இந்தமுறை முணுமுணுப்பு இல்லை. அவர் குரலே தெளிவாகக் கேட்டது. "ஒருத்தர ஒருத்தர் விட்டு இருக்க முடியாதவங்கள எந்த விதிய வெச்சு ரெண்டு குடும்பம்னு எழுதுறது? ஒரே குடும்பம்னு போடுறேன். தப்புன்னா என் பேர்ல போகட்டும்."

ஒரே குடும்பம் என்று ஆனபின் கடிதமும் தேவையில்லாமல் போயிற்று. சாயங்காலம், கூலித் தொழிலாளிகள் தங்கும் பழைய விடுதி ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் கொடுத்தார்கள். மூன்று பாய் விரிக்கும் இடம்தான். சுவர் காகிதம் மாதிரி. குறட்டை முழுதாகக் கேட்டது.

உதவிப்பணம் உறுதியானபின் வீடு தேடும் படலம் தொடங்கியது. ஓட்சுகி கூடவே அலைந்தாள். முதல் தரகர் ஜாமீன் ஆள் கேட்டார். இரண்டாமவர் அவசரத்துக்குக் கூப்பிட உறவு கேட்டார். தம்பி இருக்கிறான் என்றாள், எங்கே இருக்கிறார் என்றார், இதே வீட்டில்தான் என்றதும் போனை வைத்துவிட்டார். மூன்றாவது வீட்டுக்காரர் வெளிப்படையாகவே பேசினார். வயதானவர்கள் உள்ளேயே செத்துக் கிடந்து பல நாள் தெரியாமல் போனால் வீட்டை அப்புறம் யார் எடுப்பார்கள் என்றார். "ஒருத்தர் செத்தா இன்னொருத்தர் சொல்ல மாட்டோமா?" என்று மினேகோ கேட்டதற்கு, "ரெண்டு பேரும் போயிட்டா?" என்றார். அன்றைக்கு அவள் ஓட்சுகியிடம் எரிந்து விழுந்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள், பிறகு மறுபடி எரிந்து விழுந்தாள். ஓட்சுகி ஒரு ஆரஞ்சை உரித்து அவள் கையில் வைத்தாள்.

மார்ச் கடைசியில் ஐந்தாவது வீடு. ரயில் பாதையோரம், ஒரு சலவைக்கடைக்கு மேலே. கடைக்காரி ஹொசாகாவே வீட்டுச் சொந்தக்காரி. அவர்கள் மாடிப்படி ஏறி வரும்போது, செருப்பை எங்கே விடுவது என்பதில் மினேகோவும் தோகுஜியும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள் ஹொசாகா.

ஓட்சுகி ஏதோ சமாளிக்க வாயெடுத்தாள். தோகுஜி முந்திக்கொண்டான். "எப்பவும்தாம்மா. ராத்திரி மட்டும் கொஞ்சம் கம்மி."

மினேகோ கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று, இதுவும் போயிற்று.

"அதுவும் நல்லதுக்குத்தான்," என்றாள் ஹொசாகா. "காலையில சத்தம் கேக்கலன்னா மேல வந்து பாப்பேன். வாரத்துல மூணு நாள் என் கடைல ஆவி இயந்திரம் இருக்குற அறையத் தொடைக்க ஆள் வேணும். உங்க தம்பி வருவாரா?"

"தேய்ச்சுக் கழுவுறதுன்னா வருவான்," என்றாள் மினேகோ. "கணக்கு எழுதச் சொல்லாதீங்க."

ஏப்ரல் முதல் வாரத்தில், புது விலாசத்தைப் பதிவு செய்ய அவள் அலுவலகத்துக்குப் போனாள். செகாவாவைக் கேட்டாள். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம், வரி வசூலுக்கு. அவர் இடத்தில் அன்றுதான் சேர்ந்த ஒரு சின்னப்பெண் புதிய பெயரட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம்மா. உங்க விவரத்தக் கொஞ்சம் ஆரம்பத்துலேருந்து சொல்றீங்களா?"

மினேகோ மேலே விட்டத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பாவம், முதல் நாள்.

"கோப்புல எல்லாம் இருக்கு, தாயி. படிச்சுப் பாரு, பொழுது போகும்," என்று வாடகை ஒப்பந்தத்தின் நகலை மேஜைமேல் வைத்தாள். "முத்திரை எங்க வெக்கணும்னு மட்டும் சொல்லு. வெளியில என் தம்பி திரைச்சீலைக் கம்பியோட நிக்கிறான். யார் தலையிலயாவது இடிச்சிருப்பான் இந்நேரம்."